நல்ல தோலின் ஓரம்

புந்தா அரேனாசில் காற்று எழுந்துவிட்டால்
சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்
அபெலார்தோ ஓயார்சோ.
இரவெல்லாம் மருந்து குடித்துக் குடித்து
உள்ளே எதுவுமின்றிக் கழுவப்பட்ட உடம்பு.
"இன்று காற்றுக்கு நான் காகிதம்" என்றார்.

மயக்க மருந்து வேண்டாம் என்று கையெழுத்திட்டார்.
நாற்பது கோடைகள்
தீவின் பண்ணைகளில் செம்மறி ரோமம் கத்தரித்த கை
படுக்கையின் கம்பியைப் பற்றியிருந்த விதத்தில்
வலி கம்பிக்குத்தான் இருந்திருக்கும்.

குழாயைச் செலுத்துவது டாக்டர் இதுர்ரா.
கண்ணியின் பிடி என் கையில்.
பலருக்குத் தெரியாது இது:
கம்பி வளையத்தை இழுத்து மூடுவது
டாக்டர் அல்ல,
நான்.

போகும்போது தேடுவதில்லை.
குடலின் கடைக்கோடிவரை போய்
திரும்பி வரும் வழியில்தான் பார்க்க வேண்டும்,
மடிப்பு மடிப்பாக,
ஒவ்வொரு மடிப்பின் முதுகையும்.

முதலாவது, நான்கு மில்லிமீட்டர்.
பாதிப் பருப்பு.
சுற்றியுள்ள இளஞ்சிவப்பில் கொஞ்சம் அதிகமாக வெட்கப்பட்டதுபோல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதை இடுக்கியால் கிள்ளுவோம்.
கிள்ளினால் அடி தங்கும்.
மூன்று வருடம் கழித்து அதே இடத்தில்
அது நம்மை அடையாளம் கண்டுகொள்ளும்.
பிறகு மின்சாரம் விட்டுச் சுட்டோம்.
சுட்ட இடம் அன்றைக்குச் சாது.
பத்தாம் நாள் இரவு
வீட்டில், தனியாக இருக்கும்போது,
ரத்தம்.
இப்போது குளிர்ந்த கம்பி மட்டும்.

"ஆறு மணி முள்ளுக்குக் கொண்டுவருகிறேன். திற."
திறந்தேன்.
"காற்றைக் கொஞ்சம் எடுக்கிறேன். மூடு. மெதுவாக. நில்."

"நில்லுங்கள்" என்றார் அவரும், திரையைப் பார்த்து.
"நல்ல தோலும் சேர்ந்து மாட்டுகிறதே!"
"வேண்டுமென்றேதான். சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர்."
"எங்கள் கொட்டகையில்
தோலில் ஒரு கீறல் விழுந்தால்
ஒரு ஆட்டின் கூலியைக் கழிப்பார்கள்.
எனக்குக் கழித்தது மொத்தம் பதினொன்று."
பதினொன்றையும் வருடம் சொல்லி விவரித்திருப்பார்.
என் கட்டைவிரல் பாதி வழியில் காத்திருந்தது.

"மூடு."

ஈர நூல் அறுவதுபோல் ஒரு தளர்வு வரும்.
திரை காட்டும் முன்னே விரலுக்குத் தெரியும்.
ரத்தம் கசிந்தது.
தண்ணீர் பீய்ச்சினோம், ஓரங்கள் உப்பின.
"தார் பூச மாட்டீர்களா?"
"மாட்டோம். உடம்பே அடைக்கும்."
அவருக்கு நம்பிக்கையில்லை. வாய்விட்டு எண்ணினார்.
நாற்பத்திரண்டில் நின்றது.
டாக்டரைவிட அவருக்குத்தான் பெருமை.

குறுக்குக் குடலில் இரண்டாவது.
மூன்றாவது, வெளியேறும் வளைவில்,
வெட்டியதும் உறிஞ்சு குழாய்க்குள் ஓடிவிட்டது.
பொறியின் வலையைக் கழற்றினேன்.
ஒரு விதை.
சிவப்பாய் ஒன்று: தக்காளித் தோல்.
மூன்று நாள் பத்தியத்தில் தக்காளி கூடாது என்று
அச்சடித்துத்தான் கொடுத்திருந்தோம்.

ஆய்வகத்துக்கு இரண்டு குப்பிகள்.
மூன்றாவதன் மேல் பெயர் ஒட்டியிருக்கிறது,
உள்ளே திரவம் மட்டும்.

உடை மாற்றிக்கொண்டு வந்தவர்
சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.
"பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு" என்றார்.
"அவை எங்கள் கணக்கு, ஐயா."
"தோல் என்னுடையதுதானே."
கதவைத் திறந்ததும் காற்று அவரைக் கேட்டது,
அவர் கயிற்றைக் கேட்டார்.

நான் இன்னும் விளக்கடியில்.
வலையைக் கவிழ்த்து
வெள்ளைத் துணியில் தட்டி
ஊசிமுனையால் புரட்டுகிறேன்,
இதுவும் விதை,
இது ஒன்றுமில்லை,
இது